நெடும்பாறைக்குப் பதினான்கு நிமிடம்

சங்குமணல் தீவிலிருந்து நெடும்பாறைத் தீவுக்கு ஆகாய மார்க்கமாக நாற்பத்தாறு கிலோமீட்டர், நேரம் பதினான்கு நிமிடம் என்று விமானத் திடலின் தகரப் பலகையில் எழுதியிருக்கிறதே, அது எழுதிய நாளில் பொய்யாக இருக்கவில்லை. ஒன்பது பேர் உட்காரக்கூடிய அந்தச் சின்ன விமானம் புதன்கிழமை தோறும் நெடும்பாறையிலிருந்து வந்து, சங்குமணலில் ஒரு மணி நேரம் இளைப்பாறி, கருவாட்டு வாடையும் ஜெபமாலை முணுமுணுப்பும் வாந்திப் பையுமாக மறுபடி எழும்பி, சரியாகப் பதினான்காவது நிமிடத்தில் நெடும்பாறையில் இறங்கும். பிறகு ஒரு மாசி மாதம் பதின்மூன்றாவது நிமிடத்தில் இறங்கியது. நல்ல காற்று என்றார்கள். சித்திரையில் ஒன்பதாவது நிமிடத்தில் இறங்கியது. நல்ல விமானி என்றார்கள். ஆடிக் காற்று எதிரே நின்று அறைந்த நாளிலும் நான்கே நிமிடத்தில் இறங்கியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விமானத் திடலில் எடை பார்க்கும் கஸ்பாரின் மனைவி ரோணிக்கம் மட்டும், "அவ்வளவு சீக்கிரம் போயி அங்க என்னத்த கிழிக்கப் போறாவ?" என்று கேட்டாள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, இங்கே கதவைச் சாத்திய அதே நொடியில் அங்கே கதவைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவர்களைக் கேட்டால், பதினான்கு நிமிடமும் ஒழுங்காகத்தான் பறந்தோம், கீழே கடலைப் பார்த்தோம், ஒரு திமிங்கிலத்தைக்கூடப் பார்த்தோம் என்றார்கள். வெளியே இருந்த கடிகாரங்களுக்குத்தான் அந்தப் பதினான்கு நிமிடம் கிடைக்காமல் போயிருந்தது. கார்த்திகையில் விமானம் இறங்கிய பிறகு கிளம்பத் தொடங்கியது. முதலில் கால் மணி நேரம் முன்னால், பிறகு அரை நாள், பிறகு ஒரு நாள் என்று முன்னேறி, தை பிறந்தபோது புதன்கிழமை கிளம்பும் விமானம் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலையிலேயே நெடும்பாறையில் வந்து இறங்கிவிடுவது என்றாகி, அத்தோடு நின்றுகொண்டது. பெருநிலத்திலிருந்து இரண்டு பேர் கருவிகளோடு வந்து அளந்து, நாற்பத்தாறு கிலோமீட்டர் நாற்பத்தாறாகவே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது லாஞ்சிப் படகில் போனார்கள். லாஞ்சி அப்போதும் இப்போதும் ஐந்து மணி நேரம்.

தீவுச் சனம் எதையும் பழகிக்கொள்ளும். நெடும்பாறையில் ஒரே வால் எண்ணோடு இரண்டு விமானங்கள் வெள்ளி முதல் புதன் வரை பக்கம்பக்கமாக நிற்பதும், டீக்கடையில் விமானி தன் எதிரே வருகிற தன்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் பழகிப்போயிற்று. அவருக்கு மட்டும் வாரத்தில் ஐந்து நாள் இரண்டு தடவை வந்ததால், சீக்கிரம் நரைத்தார்.

சங்குமணலில் எல்லாம் வெள்ளிக்கிழமையைச் சுற்றி அமைந்துகொண்டது. அந்த விமானத்தில் ஏறுகிறவர்களைச் சாமானோடு எடை நிறுத்துத்தான் ஏற்றுவார்கள், ஏனென்றால் கனத்தவர் முன்னாலும் இளைத்தவர் பின்னாலும் உட்காராவிட்டால் அது மூக்கைத் தூக்கிக்கொள்ளும். நெடும்பாறையில் அதே வேலையைப் பார்க்கும் பாவா, வெள்ளிக்கிழமை காலை யார் யார் வந்து இறங்கினார்கள், ஆள் எடை என்ன, சாமான் எடை என்ன என்று போனில் சொல்ல, கஸ்பார் அதைக் கேட்டு, எடையைத் தன் ஏட்டிலும் பெயரைத் திடலின் கரும்பலகையிலும் எழுதுவான். பெயர் விழுந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் துணி துவைத்துக் காயப்போடுவார்கள். எதற்குப் போகிறோம் என்று தெரியாமலே சிலர் மூட்டை கட்டினார்கள். திங்களோ செவ்வாயோ காரணம் தன்னால் வந்து சேரும். போக ஆசைப்பட்டுப் பெயர் விழாதவர்கள் லாஞ்சிக்காரனிடம் போனார்கள். வந்து இறங்கியவர்களிடம் புதன்கிழமை வரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது, அவர்களுக்கு இங்கிருந்து போன் செய்யக் கூடாது என்று பங்குச்சாமியும் பள்ளிவாசல் லெப்பையும் ஒரே மேடையில் நின்று சொன்னார்கள். அவர்களும் அங்கே உறவுக்காரர் வீடுகளில், வாய் நிறையத் தண்ணீர் வைத்திருப்பவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள்.

மீற நினைத்தவன் ஒருவன் உண்டு. வலை முடையும் இன்னாசி. அவன் பெயர் விழுந்தபோது, "மாமியா வீட்டுக்கு நான் போகமாட்டேன்வே. போகாம நான் எப்பிடிப் போனேன்னு பாத்திருவோம்" என்று சொல்லி, புதன்கிழமை கள்ளைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அறுபத்துமூன்று கிலோ இருந்தவன் மறுநாள் ஐம்பத்தொன்று இருந்தான். ஞாயிற்றுக்கிழமை முப்பது. மடியில் கல்லைக் கட்டிக்கொண்டு நடந்தான். காற்றடித்தால் பெண்டாட்டி அவனைத் தென்னையில் கட்டிப்போட்டாள். கடைசியில் ஒரு நாள் கொடியில் அவனுடைய கட்டம்போட்ட சட்டையும் இடுப்பில் கட்டும் சாரமும் மட்டும் தொங்கின, அவள் மடித்து எடுத்து வைத்தாள். நெடும்பாறையில் இறங்கிய இன்னாசியோ நன்றாகத் தின்று வலை முடைந்துகொண்டிருந்தான். அவள் லாஞ்சியில் போய் அந்தச் சட்டையை அவனுக்குப் போட்டுப் பார்த்தாள், தோளில் ஏறவில்லை.

சாமான் விஷயமும் அப்படித்தான். பன்னிரண்டு கிலோவோடு வந்து இறங்கிய ஒருத்தி, ஏறும்போது மூன்று கிலோ கருவாட்டை மறந்து வைத்துவிட்டுப் போனாள். அந்த மூன்றும் அவள் உடம்பிலிருந்து போயிற்று. அடுத்த முறை இன்னொருத்தி குறைந்ததற்குப் பதிலாக மணலைக் கட்டி வைத்தபோது தராசின் முள் அசையவே இல்லை. வந்தது எதுவோ அதுதான் போக வேண்டும், குறைந்தால் ஏறுகிறவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் என்று ஊருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் முரண்டு பிடிக்கவில்லை.

இதில் பெட்டி வாரம் என்று ஒன்று இருந்தது. சங்குமணலில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பவளப்பாறை. குழி தோண்ட முடியாது. இறந்தவர்களை நெடும்பாறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எரோமியாஸ் ஆசாரி செய்கிற பெட்டி எப்போதும் பத்தொன்பது கிலோ. இங்கேயே ஆணி அடித்து மூடிவிடுவார்கள், அங்கே திறப்பதில்லை. இருக்கை மூன்றைக் கழற்றிவிட்டுப் பெட்டியை வைத்தால் ஆறு பேர்தான் ஏறலாம். வெள்ளிக்கிழமை கரும்பலகையில் பெயர்கள் ஆறோ அதற்குக் குறைவோ விழுந்தால், ஒரு பெட்டி போய்ச் சேர்ந்திருக்கிறது, அதற்குள் போகப்போகிறவர் இன்னும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். யார் என்று தெரியாததால் அந்த ஐந்து நாளும் யாரும் யாரையும் வையமாட்டார்கள். பேசாதிருந்த அண்ணன் தம்பிகள் பேசுவார்கள். நல்ல மீன் சிக்கினால் நான்கு வீட்டுக்குப் போகும். எல்லாரும் விமானத் திடலுக்கு வந்து, ஒரு சாக்கைச் சொல்லித் தராசில் ஏறி நின்று, முள்ளைப் பார்க்காமல் கஸ்பாரின் முகத்தைப் பார்ப்பார்கள், ஏனென்றால் பெட்டியின் எடை இங்கே தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அதைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். ஐம்பத்தொரு வயதுக்குள் கஸ்பார் தன் முகத்தைச் சுவர்போல வைத்துக்கொள்ளப் பழகியிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பாவா பத்து மணிக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, எழுதிக்கிடுதியளா?"

பிரகாசி டீச்சர், அறுபத்துநான்கு, சாமான் எட்டு. லாசர், ஐம்பத்தெட்டு, சாமான் ஐந்து. இப்படி ஐந்து பெயர் சொல்லிவிட்டுப் பாவா நிறுத்தினான்.

"அப்புறம் ஒரு பெட்டி அண்ணே. தொண்ணூறு."

"கூட வந்தது யாரு?"

"டீ குடிச்சிட்டியளா அண்ணே?"

"வே, யாருன்னு கேட்டேன்."

"அண்ணிதான். அம்பத்திரெண்டு. கையில வேற சாமான் ஒண்ணும் இல்ல."

தொண்ணூறில் பத்தொன்பது போனால் எழுபத்தொன்று. சங்குமணலில் எழுபத்தொரு கிலோ ஆள் யார் என்று கஸ்பார் தராசில் ஏறிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. போனை வைத்தான். கரும்பலகையில் ஐந்து பெயரை எழுதினான், ரோணிக்கத்தின் பெயரை எழுதவில்லை. சிறிது நேரத்தில் சனம் வரத் தொடங்கியது. கொத்தனார் சவரிமுத்து தராசில் ஏறி, "சும்மா, சாரம் புதுசு, எவ்வளவு கனம்னு பாக்க வந்தேன்" என்றார்.

"எறங்கும்வே."

"நான் இல்லல்லா?"

"எறங்கும்னா எறங்கும்."

சவரிமுத்து அவன் முகத்தை உற்றுப் பார்த்து, தான் இல்லை என்று கண்டு, பெருமூச்சு விட்டு, பிறகு இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்து, சட்டென்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வேகமாகப் போனார். சுவர் எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது என்று கஸ்பாருக்குத் தெரிந்தது.

மறுநாள் டார்ச் லைட்டுக்குப் பேட்டரி வாங்கப் போகிறேன் என்று ரோணிக்கத்திடம் சொல்லிவிட்டு லாஞ்சி ஏறினான். ஐந்து மணி நேரமும் கடல் ஒவ்வொரு அலையாகத் தன்னை எண்ணிக் காட்டியது, ஒன்றையும் விடவில்லை. நெடும்பாறைத் துறையில் பாவா நின்றிருந்தான். "வரக்கூடாதுல்லா அண்ணே," என்றான். என்றாலும் குடையை விரித்து வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

பின்கட்டு ஜன்னலோரம் ரோணிக்கம் உட்கார்ந்திருந்தாள். இன்று காலை வீட்டில் கஸ்பார் கண்ட அதே பெண்ணுக்கு ஐந்து நாள் கூடியிருந்தது; அந்த ஐந்து நாள் கண்ணைச் சுற்றி ஐந்து வருடமாக நின்றது. அவள் மணிக்கட்டில் அவனுடைய கைக்கடிகாரம், கீறல் விழுந்த கண்ணாடியோடு. அவன் மணிக்கட்டிலும் அதே கடிகாரம், அதே கீறல். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின.

"வந்துட்டியளா," என்றாள். "பேட்டரி வாங்கப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போனிய. பேட்டரிய வாங்க மறந்தும் போனிய."

"இன்னும் மறக்கலியே."

"மறப்பிய."

அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான். அவள் கையை நீட்டி அவன் தாடையைத் தொட்டாள், சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி.

"எப்பிடின்னு கேக்காதிய."

"கேக்கல."

"வலிக்கல. அத மட்டும் சொல்லுதேன்." பிறகு அவள் குரல் ஏறியது. "ஏன் எங்கிட்ட சொல்லல? இங்க வந்து என்னப் பாத்துட்டு, திரும்பி வந்து, வாயத் தொறக்காம இருந்தியள்ல? பெட்டி வாரம்னு ஊரே ஒருத்தருக்கொருத்தர் தேனாப் பேசுது. நமக்கென்னன்னு நான் கூர ஓடு மாத்தலன்னு உங்களோட மல்லுக்கட்டினேன். செவ்வாக்கிழம பூரா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு ஒரு வார்த்த பேசல. கடைசியா நான் உங்ககிட்ட சொன்னது என்ன தெரியுமா? 'ஒழுகட்டும், நீங்களே நனைங்க'ன்னு."

"அது நான் இன்னும் செய்யலியே ரோணி. இனிமேத்தான்."

"செய்யப் போறவரும் நீங்கதான், பெட்டிக்குள்ள வந்தவரும் நீங்கதான். நான் வேற யாரப் போயி கேக்க?"

பாவாவின் மனைவி இரண்டு டம்ளர் தேநீரை வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப்பார்க்காமல் போனாள். தேநீர் ஆறியது.

"திரும்பிப் போகாதிய," என்றாள் ரோணிக்கம் சன்னமாக. "இங்கயே இருந்திருங்க. பாவா ஒரு எடம் பாத்துத் தருவாரு."

"அங்க ஒருத்தி இருக்காளே."

"அவளும் நான்தான். நான் சொல்லுதேன், அவளுக்கு ஒண்ணும் வேண்டாம். அவளுக்கு இன்னும் நாலு நாளு இருக்கு, எனக்கு என்ன இருக்கு?"

"புதன்கிழம தொண்ணூறு அவகூட ஏறலன்னா, அவகிட்ட இருக்கது அம்பத்திரெண்டுதான் ரோணி."

கொடியில் தொங்கிய இன்னாசியின் சட்டையையும் சாரத்தையும் அவளும் பார்த்தவள்தான். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், இரண்டு விமானங்கள் ஒன்றின் நிழலில் ஒன்று நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே, "அப்ப போங்க," என்றாள். "போயி அவகிட்ட சொல்லிருங்க."

"நான் சொன்னா, ஏன் சொல்லலன்னு நீ இப்ப எங்கிட்ட கேட்டிருக்க மாட்டியே."

"அந்த வழக்கெல்லாம் உங்க தராசோட வச்சுக்கிடுங்க. ஆளயும் மூட்டையயும்தான் நிறுக்காவ. சொன்ன சொல்ல யாரு நிறுத்துப் பாத்தா?"

திரும்பும் லாஞ்சி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்குமணலை அடைந்தது. கஸ்பார் நேரே திடலுக்குப் போய்த் தராசில் ஏறினான். வெள்ளிக்கிழமையிலிருந்து தொண்டைக்குள் ஒன்றும் இறங்கியிருக்கவில்லை; முள் அறுபத்தெட்டில் நின்றது. மூன்று குறைந்தது. அந்த மூன்றை விமானம் யாரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். வீட்டை நோக்கி ஓடாத குறையாக நடந்தான்.

ரோணிக்கம் சாளை மீன் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றி ஒன்றும் இல்லாத, வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது என்னவென்றே தெரியாத ரோணிக்கம்.

"பேட்டரி எங்க?"

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு பேட்டரி வாங்க ரெண்டு நாளு. அதயும் மறந்தாச்சு. மேல பாத்தியளா? அந்த ஓட்ட மாத்தச் சொல்லி எத்தன மாசம்..."

"சோறு போடு."

போட்டாள். தின்றான். இன்னும் போடு என்றான். மூன்றாம் முறை கேட்டபோது கரண்டியோடு நின்று, "என்ன, கப்பல்ல பட்டினியாப் போட்டுட்டாவளா?" என்று சிரித்தாள். கஸ்பார் வாயில் இருந்ததை விழுங்கினான். சொல்லாமல் இருந்தால் இந்தச் சிரிப்பு இன்னும் இரண்டு நாள் இருக்கும், பிறகு அது அவளைக் காலமெல்லாம் தின்னும் என்று நினைத்தான். பிறகு, சுவர்போன்ற அந்த முகத்தை முழுக்க இடித்துத் தள்ளிவிட்டு, பாவா கூப்பிட்டதிலிருந்து தொடங்கி, பெட்டியையும் தொண்ணூறையும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவளையும் அவள் கையிலிருந்த கடிகாரத்தையும் அவள் சொன்ன கடைசி வார்த்தையையும், தராசில் குறைந்த மூன்று கிலோவையும், ஒரே மூச்சில், சோற்றைப் பிசைந்தபடியே சொல்லி முடித்தான்.

ரோணிக்கம் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு பாய்ந்து அவன் தட்டைப் பிடித்தாள்.

"சாப்பிடாதிய."

"விடுட்டி."

"கனமாகிப் போயி பெட்டியில ஏறிப் படுக்கவா உங்களுக்குச் சோறு வடிச்சேன்? வைங்க கீழ!"

"மூணும் உங்கிட்ட இருந்து போயிரும் ரோணி!"

"போட்டும்! என் உடம்பு, நான் குடுப்பேன். நீங்க யாரு கேக்க?"

அவன் இழுக்க அவள் இழுக்க, சோறு தரையெங்கும் சிதறியது. வாசலில் நின்ற கோழி உள்ளே வந்து, இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொறுக்கத் தொடங்கியது. இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். தட்டில் பாதி மிஞ்சியிருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ரோணிக்கம், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பானையைப் பக்கத்தில் இழுத்தாள். அவன் தட்டிலிருந்தே ஒரு கவளத்தை எடுத்துத் தன் வாயில் வைத்தாள், அடுத்ததை அவன் வாயில் திணித்தாள்.

"ரெண்டு பேரும் தின்போம்," என்றாள் வாய் நிறைய. கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து குழம்பில் சொட்டியது. "எடுக்குறவன் எவன்கிட்ட எடுத்தாலும் மிச்சம் இருக்கட்டும்."

அப்போது போன் அடித்தது. பாவா.

"அண்ணே, கூப்பிடக் கூடாதுதான். ஆனா அண்ணி இங்க ஒரு மாதிரி இருக்காவ. கையில தட்டு இல்ல, யாரும் ஒண்ணும் குடுக்கல. சும்மா உக்காந்து மென்னுக்கிட்டே இருக்காவ. வீடு பூரா சாளைக் கொழம்பு வாடை. அழுதுக்கிட்டே சிரிக்காவ." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "என்ன அண்ணின்னு கேட்டா, 'சொல்லிட்டாரு'ங்காவ. என்னத்தண்ணே சொன்னிய?"

கஸ்பார் போனை ரோணிக்கத்தின் காதில் வைத்தான். அங்கே பாவாவும் அப்படியே செய்திருக்க வேண்டும், ஏனென்றால் ரோணிக்கம் சட்டென்று மெல்லுவதை நிறுத்தினாள். அந்தப் பக்கத்துச் சத்தமும் நின்றது. பிறகு கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வாய் மெதுவாக மறுபடி மெல்லத் தொடங்குவதைக் கஸ்பார் கேட்டான். தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்து, அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தான்.